ஈலாண்டு அடிக்காதவன்

ஒரு ஈலாண்டு மானையாவது அடித்து, அதன் கொழுப்பை மாமியார் பானையில் போட்டால்தான் நூக்கா எனக்கு நிலையான பெண்டாட்டி. இல்லாவிட்டால் மழைக்கு முன் மகளைத் திரும்ப அழைத்துக்கொள்வதாக மாமனார் சொல்லிவிட்டார். கலஹாரி மணலில் இரண்டு குளிர்காலம் அவர்களுக்காக அலைந்ததில் எனக்கு மாட்டியது முயலும் ஆமையும்தான்.

அன்று ஒரு ஈலாண்டு அம்பு எட்டும் தூரத்திலேயே நின்றது. குறி தப்பியது. துரத்தியதில் குதிகாலில் முள் ஏறியது. பசிக்குத் தின்ற காட்டுப்பழம் வயிற்றைப் புரட்டியது. வெயில் சாய நொண்டி நொண்டி வந்தேன். நூக்கா சுட்டுவைத்த கிழங்கைத் தொடாமல், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், குடிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அங்கேதான்.

விஷ அம்பு பட்ட ஈலாண்டு விழ ஒரு நாள் ஆகும். அதுவரை எய்தவன் மெதுவாக நடக்க வேண்டும், சாப்பிடக் கூடாது, ஒதுங்கி இருக்க வேண்டும். அவன் துள்ளினால் மானும் துள்ளி ஓடிவிடும். யார் கேட்டாலும் ஒன்றும் அடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்; மார்தட்டுவது எங்களுக்குள் பெரிய கேவலம்.

நூக்காவின் அண்ணன் தெபே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒண்ணும் அடிக்கல மச்சான். கால்ல முள்ளு, அவ்வளவுதான்."

"அதானே, உனக்கு ஏது வேட்டை" என்று முதுகில் தட்டினான். காலைத் தூக்கிக் காட்டினேன். "நல்ல முள்ளுதான் மாப்ள. ரொம்பப் பெரிசோ?" என்று கண்ணடித்தான்.

பிள்ளைகளைச் சத்தம் போடக் கூடாது என்று அடக்கினார்கள். சத்தியமாக ஒன்றுமில்லை என்று நூக்காவின் காதில் சொன்னேன். தெரியும் தெரியும் என்று சிரித்தாள். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விடிந்ததும் பத்துப் பேர் கத்தியும் கையுமாக வந்து நின்றார்கள். நான் வாயால் சொன்னதும் எடுபடவில்லை, காட்டிய காலும் எடுபடவில்லை. இல்லாத மானுக்கு இவர்களை எங்கே கூட்டிப்போவது? பொறுமை போய் எழுந்து கத்தினேன்.

"ஆமா, அடிச்சேன். இந்தக் காட்டுலயே பெரிய ஈலாண்டு. கொழுப்பு ரெண்டு கை கனம். என்ன மாதிரி வேட்டைக்காரன் இங்க எவன் இருக்கான்?"

இப்படிப் பேசுகிறவன் எலியைக்கூட அடித்திருக்க மாட்டான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கத்திகள் உறைக்குள் போயின. மாமனார் காறித் துப்பிவிட்டு நடந்தார். ஒருவழியாக நம்பிவிட்டார்கள்.

நூக்கா மட்டும் நின்றாள்.

"நீ வெறுங்கையோட மட்டும் வந்திருந்தா, அப்பா கால்ல விழுந்தாவது இன்னொரு மழைக்காலம் கேட்டிருப்பேன். ஊர் முன்னாடி மார்தட்டுறவனுக்காக என்னன்னு போய்க் கேக்க?"

தோல் போர்வையைச் சுருட்டிக்கொண்டு அம்மாவின் நெருப்பைப் பார்த்து நடந்தாள். நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். மாமியார் உட்கார்ந்திருக்கும் நெருப்பருகே மருமகன் போகக் கூடாது. பாதி வழியில் நின்றுவிட்டேன்.