நீதிமன்ற வாசலில் இயந்திரத் துப்பாக்கி

அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம், பட்டறையின் பலகைத் தளத்துக்கு அடியில் ஓர் இயந்திரத் துப்பாக்கி கிடைத்தது. ஜப்பானியப் படையுடையது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சைபான் தீவிலிருந்து அமெரிக்காவின் மொன்டானாவுக்குத் திரும்பியபோது அப்பா கொண்டுவந்தது.

"அக்கா, பேசாம மூடி வை. வாங்கறதுக்கு ஆள் இருக்கு," என்றான் தம்பி ராய்ஸ்.

வெர்னா அன்றே வக்கீலுக்குப் போன் செய்தாள். வக்கீலம்மா பூசி மெழுகவில்லை. பதிவான இயந்திரத் துப்பாக்கியைத் தனியார் வைத்திருக்கலாம். பதிவில்லாததை வைத்திருந்தால் சிறை. அறுபத்தெட்டில் பதியாதவற்றைப் பதிந்துகொள்ள அரசாங்கம் ஒரு மாதம் மன்னிப்புக் காலம் கொடுத்தது. அப்பா அப்போது வாய் திறக்கவில்லை. இனி பிள்ளைகள் பெயரில் பதிய வழியே கிடையாது.

"நீங்க அதை வண்டியில ஏத்திடாதீங்க, அதுவே குற்றம். ஷெரீஃபை வீட்டுக்கே வரச் சொல்றேன்."

மாவட்டக் காவலுக்குத் தலைவரான ஷெரீஃப் பெட்ரிக் வெர்னாவோடு பள்ளியில் படித்தவர். குனிந்து பார்த்துவிட்டு, "அறுத்துப் போட்டுடலாம். அதான் வழக்கம்," என்றார்.

"அறுக்கக் கூடாது. அரசாங்க அலுவலகம் தன் பேர்ல பதிஞ்சுக்கலாமாம். நீ விண்ணப்பம் போடு."

"எனக்கெதுக்கு இது? மான் வேட்டைக்கா?"

துப்பாக்கியை எடுத்துப்போய் ஆயுத அறையில் பூட்டினார். மறுநாள் காலை அவர் அலுவலகம் திறந்தபோது வெர்னா வாசலில் நின்றாள். அடுத்த நாளும் நின்றாள். பனி கொட்டிய நாட்களிலும் வந்தாள்.

"ஸ்கூல் பஸ் ஓட்டறதை விட்டுட்டு இங்க டியூட்டிக்கு வந்துட்டியா?"

"சம்பளம் வேணாம். கையெழுத்து போதும்."

கடைசியில் காபியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "ஏன் இந்தப் பிடிவாதம்?" என்று கேட்டார்.

"அது அப்பாவோட கூட்டாளிங்க மூணு பேரைக் கொன்ன துப்பாக்கி. அப்பா தவழ்ந்து போய் அதைப் பிடிச்சார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் குடிச்சிருந்தப்போ. வித்தா எவனாவது பீர் குடிச்சிட்டு சுட்டு விளையாடுவான். அறுத்தா பழைய இரும்பு. ரெண்டுக்கும் நான் சம்மதிக்க மாட்டேன்."

ஷெரீஃப் விண்ணப்பத் தாளை முன்னால் இழுத்தார். "ஒருதடவை எங்க பேர்ல பதிஞ்சா, தனியார் கைக்கு என்னைக்கும் போகாது. உன் வீட்டுக்குத் திரும்பி வராது."

"வர வேணாம்."

அவர் பேனாவை எடுத்தார்.

விஷயம் தெரிந்ததும் ராய்ஸ் குதித்தான். "சும்மா தூக்கிக் கொடுத்துட்டியே!"

"உன்னைப் பார்க்க ஜெயிலுக்கு நடக்க எனக்குத் தெம்பில்லடா."

அதன்பின் பல மாதம் அவன் அவள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

வாஷிங்டனிலிருந்து அனுமதி வர வசந்தம் ஆகிவிட்டது. சுட முடியாதபடி உள்பாகத்தைக் கழற்றிவிட்டு, நீதிமன்ற வாசலிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைக்க ஏற்பாடானது. ஷெரீஃபும் வெர்னாவும் அதைத் தூக்கத் திணறியபோது, பின்னாலிருந்து வந்த ராய்ஸ் ஒரு பக்கம் பிடித்தான்.

"முதுகை வளைக்காதே," என்றாள் வெர்னா.

பெட்டியை மூடியபின் அவன் உள்ளேயிருந்த அட்டையைப் படித்தான். மூன்று பெயர்கள்.

"அப்பா பேர் எங்க?"

"அவர்தான் வீடு வந்து சேர்ந்தாரே," என்றாள்.