தனம் சொன்ன முடிவு

தனலெட்சுமி இறந்து பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. அவளைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை இன்னும் யாரும் சொல்லவில்லை.

இந்திராணி தன் அக்கா தனத்தின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் காமாலை முகத்தைத்தான் மாற்றியிருந்தது. கூந்தல் அப்படியே அடர்த்தியாக இருந்தது. தன் கூந்தல் இதில் பாதிகூட இல்லை என்று இந்திராணி நினைத்தாள். நினைத்த உடனே வெட்கப்பட்டு, சீப்பை இன்னும் மெதுவாக இழுத்தாள்.

வெளியே தப்பு அடிப்பவர்கள் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஒப்பாரி ஓய்ந்திருந்தது. அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். பிணத்தைச் சுற்றியிருந்த பெண்களின் பேச்சு பழைய டீவி நாடகம் ஒன்றுக்கு வந்துவிட்டது.

"டீவிய போட்டவுடனே தனம் எங்க, தனம் எங்கன்னு கத்துவோமே!" என்றாள் பக்கத்துக் காம்பரா பாக்கியலெட்சுமி.

"நீங்கதானே அக்கா, பேட்டரி எறங்குது, அவங்களக் கொஞ்சம் வெரசாப் பேசச் சொல்லு தனம்னு சொன்னது?" என்றாள் இன்னொருத்தி.

"ஆமா, சொன்னேன். அவளும், சொல்லிட்டேன் மாமி, கேக்க மாட்டேங்குறாங்கன்னா."

பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரித்ததற்காக முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் கங்காணி வீட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளை டீவி வந்தது. கார் பேட்டரியில் ஓடும். சனிக்கிழமைதோறும் ஒரு சிங்கள நாடகம். லயத்துப் பெண்களுக்குப் பசறை டவுன் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் வரும். தனம் சிறு வயதில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். டீவிக்குப் பக்கத்தில் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அவர்கள் பேசப்பேசத் தமிழில் சொல்வாள். எஜமானியம்மாவுக்கு ஒரு குரல், வேலைக்காரச் சிறுமிக்கு ஒரு குரல். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் ஒரு கிழமை முழுவதும் அதே பேச்சாக இருக்கும்.

அந்தத் தோட்டத்திலிருந்து ஏ.எல். பாஸான முதல் பெண் இந்திராணி. பரீட்சை முடிவு வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். அம்மா காகிதத்தைக் கையில் வாங்கி, "நல்லதும்மா" என்றாள். "தனம் கெளம்பிட்டா. நானும் போறேன். கதவச் சாத்திக்க."

இப்போது இந்திராணி பண்டாரவளையில் டீச்சர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் இடைவேளையில், உடன் படிப்பிக்கும் சிங்கள டீச்சர் ஒருத்தி அந்த நாடகத்தை நினைவுகூர்ந்தாள். அந்த மாதிரி ஒரு நாடகம் இனி வராது என்றாள். கடைசியில் அந்த வேலைக்காரச் சிறுமி ஆற்றில் விழுந்து செத்தபோது வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம்.

இந்திராணி மறுபடி கேட்டாள். செத்துத்தான் போனாள்.

தனம் சொன்ன முடிவு வேறு. திரையில் ஆற்றங்கரையும் ஒரு சோடிச் செருப்பும் காட்டினார்கள். யாரோ அழும் சத்தம் கேட்டது. தனம் டீவியிலிருந்து கண்ணை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்து, "சாகல" என்றாள். "செத்துட்டான்னு நெனைக்கட்டும்னு செருப்ப வச்சிட்டுப் போயிட்டா. ஆத்தங்கரையோட நேராப் போனா ரோடு. பஸ் ஏறி கொழும்பு கோட்டை டேசனுக்கு வந்து, ராத்திரி மெயில் ரயில்ல ஏறிட்டா. சின்னப்புள்ள கூட்டிட்டு வர்ற ஒரு பொம்பளயாப் பாத்துப் பக்கத்துல ஒக்காந்துகிட்டா. விடிய வீட்டுக்கு வந்துட்டா." பெண்கள் கைதட்டினார்கள்.

பிழையைக் கண்டுபிடித்த அன்று இந்திராணிக்கு இருந்த சந்தோஷம் ஏ.எல். பாஸான அன்றுகூட இல்லை. அதை அக்காவிடம் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்ல ஒரு நாள் வரும் என்று வைத்திருந்தாள்.

சிக்கு ஒன்றில் சீப்பு மாட்டியது.

"பாத்துச் சீவு, வலிக்கப் போகுது" என்றாள் அம்மா. பிறகு பெண்களைப் பார்த்து, "அவளுக்கு இருந்த அறிவு இந்த வீட்டுல வேற யாருக்கும் இல்ல" என்றாள்.

இந்திராணி சீப்பைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்குச் சிங்களம் சரியாத் தெரியாது."

அவள் குரல் எப்போதும்போலச் சின்னதாகத்தான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"என்னா புள்ள சொல்ற?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"அந்த நாடகத்துல அந்தப் புள்ள செத்துப்போச்சு. ஆத்துல விழுந்து. பண்டாரவளையில எல்லாரும் சொல்றாங்க. அக்கா வெளங்காம, வாயில வந்தத சொல்லியிருக்கு. ரயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அம்மா இந்திராணியைப் பார்க்காமல், தனத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"டீச்சரம்மா" என்றாள் ஒருத்தி, "இதச் சொல்ல வேற நாளு கெடைக்கலயா?"

இந்திராணிக்குக் காது சுட்டது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானா என்று இருந்தது. எழுந்து வெளியே போய்விட நினைத்தாள். கால் மரத்திருந்தது.

வாசல் பக்கம் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த புஷ்பராணி கேத்தலைக் கீழே வைத்தாள். பாக்கியலெட்சுமியின் மகள். பதினெட்டு வயதிருக்கும். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றுவிட்டுத் திரும்பி வந்தவள். அதைப் பற்றி எப்போதும் பேசமாட்டாள்.

"தனமக்காவுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும்" என்றாள்.

"ஒனக்கென்னா தெரியும்?" என்றாள் இந்திராணி.

"எனக்கும் தெரியுமே. மூணு வருசம் அந்தப் பாசையிலதானே ஏச்சு வாங்குனேன். அந்தப் புள்ள செத்ததுன்னு அவங்க டீவியில சொன்னது எனக்கும் வெளங்குச்சு. நான் தனமக்காவத் திரும்பிப் பாத்தேன். அவங்க என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க."

பாக்கியலெட்சுமி மகளையே பார்த்தாள். "கொழும்புல இருந்தவ, நீ எப்புடிடி அன்னைக்கு அங்க இருந்த?"

"தீபாவளி லீவும்மா. மறுநா காலையில என்னையத் திருப்பி அனுப்புறதா இருந்துச்சு. மேல் முழுக்க காயம்னு தனமக்காகிட்டத்தான் காட்டுனேன். அவங்க ஒங்ககிட்ட வந்து சொன்னாங்க. முன்பணம் வாங்கியாச்சு, போய்த்தான் ஆகணும்னீங்க."

"அந்தக் கொழும்பு வீட்டம்மாதானே ஒன்னைய அனுப்பி வச்சதா சொன்ன?" என்று பாக்கியலெட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

புஷ்பராணி இல்லை என்று தலையசைத்தாள். அம்மாவிடமிருந்து கண்ணை எடுத்து இந்திராணியிடம் சொன்னாள்.

"தனமக்கா நாடகத்துல சொன்ன மாதிரியேதான் நான் தப்பிச்சு வந்தேன், டீச்சர்."