ஓடைக்கரை வேட்டி

பூச்சி ஆராய்ச்சி செய்கிறவளை யாரும் பெண் கேட்டு வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அப்பாவுக்குத்தான். "நெல்லுல விழுகற பூச்சின்னாலும் ஒரு பிரயோசனம் இருக்குது. கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு எதுக்குச் சாமி பீர்மேடு வரைக்கும் பஸ் ஏறறே?" என்பார். நான் வாளையார் பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பெயர் செல்வப்பிரியா. பதில் சொல்லிப் பழக்கமில்லை. பஸ் ஏறிவிடுவேன்.

கேடிஸ் என்கிற அந்தப் பூச்சி அந்துப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். இறக்கையில் செதிலுக்குப் பதிலாக மயிர் இருக்கும். கேடிஸில் பல வகை உண்டு. என் பூச்சி எள்ளளவுதான். புழுவாக ஓடைக்குள் வாழும். கடைசிப் பருவம் வரை வீடு வாசல் இல்லாமல் அலைந்துவிட்டு, பிறகு பட்டு நூற்று, மணலை ஒட்டி, ஒரு பை கட்டிக்கொண்டு அதற்குள் அடங்கும். இரண்டே ஓடைகளில்தான் அதைப் பார்த்திருக்கிறோம். ஒன்று வாளையார் மலையடிவாரத்தில், இன்னொன்று பீர்மேட்டில் தேயிலைக்கு நடுவே. இடையில் இருக்கிற இத்தனை மலைகளில் ஏன் இல்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாளையார் ஓடை வற்றிவிட்டது. பீர்மேட்டு ஓடையின் மேல் போன மழைக்காலத்துக்கு முந்தைய மழையில் மலையே இறங்கியது. உருள் பொட்டியது என்பார்கள் இங்கே.

அந்தச் சேற்றுக்குப் பிறகும் என் பூச்சி உயிரோடிருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த முறை போனேன். அதற்கு ஓர் ஆண் வேண்டும். பெண்கள் எல்லாம் ஒரே ஜாடை. இந்த இனமா, பக்கத்து இனமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆணின் வயிற்று நுனியில் இருக்கிற கொக்கியும் முள்ளும்தான் ஆதார் அட்டை.

பொழுது சாய்ந்ததும் ஓடைக்கரையில் வெள்ளைத்துணி கட்டி, பேட்டரி விளக்கை வைத்தேன். துணியில் கொசு உட்கார்ந்தது, ஈசல் உட்கார்ந்தது. என் பூச்சிகள் மட்டும் கொஞ்சம் தள்ளி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஆறாம் லயத்துக்குக் கீழே கம்பத்தில் எரிந்த ஒரு குண்டு பல்பைச் சுற்றிக்கொண்டிருந்தன. எரிச்சலாக வந்தது. பல்பிலிருந்து ஒயர் போன வழியே ஏறிப் போனேன். லயத்தில் பாதி வீடுகள் இல்லை. மிச்சம் இருந்ததில் ஒயர் போய் முடிந்த கடைசி வீடு வேலுத்தாய் என்கிறவளுடையது.

"ஏனுங்க அக்கா, அந்தப் பல்பை ஒரு மணி நேரம் அணைக்க முடியுங்களா?"

"அது அவுகளுக்கு வச்சது டீச்சர்," என்றாள். "பழைய பாதையெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. இருட்டுல வந்தா அவுகளுக்கு வழி தெரியாதுல்ல."

அவள் புருஷன் ரத்தினசாமி, உருள் பொட்டிய அன்று ஓடைத் தண்ணீர்க் குழாயில் அடைப்பெடுக்கப் போனவர். தேடியவர்களுக்கு ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. கருமாதி செய்துவிடலாம் என்று தேனியிலிருந்து அவள் தம்பி வந்து சொல்லிப் பார்த்திருக்கிறான். உடம்பைக் காட்டு, செய்கிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்றுதான் நானும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன்.

"அப்படின்னா பல்பு எரியட்டுங்க. நான் துணியை அதுக்குப் பக்கத்துல கட்டிக்கறேன்."

அவள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். புதுத்துணி, கஞ்சி மணம் போகாதது. முகம் மாறிவிட்டது.

"இது கோடித்துணியில்ல? இதக் கட்டுனா அவுக செத்துட்டாகன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்." உள்ளே போய் ஒரு பழைய வேட்டியை எடுத்து வந்தாள். "இதக் கட்டுங்க. இது அவுக உடுத்துனது."

மறுநாள் மாலை பல்புக்கும் லயத்துக்கும் நடுவே அந்த வேட்டியை விரித்துக் கட்டினேன். பல்புப் பக்கமாக, வேட்டியின் கீழ்க் கரையோரம் குத்தவைத்து உட்கார்ந்தேன். மூடுபனி இறங்கியது. பூச்சிகள் வந்தன. பெண், பெண், மறுபடியும் பெண். லென்ஸைக் கண்ணில் வைத்தபடி முழங்கால் மரத்துப்போகும்வரை பார்த்தேன். கடைசியில் ஒன்று வேட்டிக் கரையின் மேல் வந்து உட்கார்ந்தது. வயிற்று நுனி பிளந்திருந்தது. ஆண்.

உறிஞ்சுகுழலை வாயில் வைத்து இழுத்தேன். பூச்சி குழலுக்குள் வந்துவிட்டது. மூச்சை விட்டால் வெளியே போய்விடும். ஒரு கையால், பூச்சியைப் போட்டு வைக்கும் சாராயக் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வேட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"வந்துட்டீகளா?"

என் நிழல் வேட்டியில் விழுந்திருக்கிறது என்று உடனே புரிந்தது. நான்தான் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அவளைக் கலைக்க மனமில்லாமல் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பூச்சி போய்விடுமே என்றுதான் திறக்கவில்லை.

"எம்புட்டு நேரமா நிக்கிறீக? குளுருதா?" பிறகு, "அன்னைக்கு மழை விடட்டும், பொறவு போங்கன்னு சொன்னேன்ல, கேட்டீகளா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அழுகை அதற்குப் பிறகு வந்தது. "சரி. இனிமே அலைய வேண்டாம். நான் இருந்துக்கிருவேன். போங்க."

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றாள். படியேறிப் போகிற சத்தம் கேட்டது. பல்பு அணைந்தது. இருட்டில் பூச்சியைக் குப்பிக்குள் ஊதினேன்.

அறைக்கு வந்து சதை கரைய அதன் வயிற்று நுனியைப் பொட்டாஷில் ஊறப்போட்டேன். விடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கொக்கி இடப்பக்கம் வளைந்து, முள் அதன் மேல் படிந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. என் இனம் சாகவில்லை. குதித்திருக்க வேண்டும். ஆனால் மைக்ராஸ்கோப்பை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

லயத்துக்குப் போனபோது வேலுத்தாய் பல்பைக் கழற்றி, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முகம் கழுவி வைத்ததுபோல் தெளிவாக இருந்தது. "தம்பிக்குப் போன் போட்டுட்டேன் டீச்சர். அவுகளுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்."

எனக்குப் பகீரென்றது. என் நிழலை நம்பி ஒருத்தி தாலியைக் கழற்றுவதா? உடம்பு கிடைக்காமல் செய்ய மாட்டேன் என்றவளை நானல்லவா ஏமாற்றிவிட்டேன்?

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றேன். "நேத்து நீங்க பார்த்தது என்னோட நெழலுங்க. நான்தான் அங்க உக்காந்திருந்தனுங்க. வாயில கொழல் இருந்துச்சு, பேச முடியலைங்க."

அவள் ஒயர் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"நீங்க குத்தவச்சிருந்தீக, எனக்குத் தெரியாதா? உங்க நெழலு வேட்டிக்கு அடியில இத்தனூண்டா விழுந்துச்சு." கையால் இடுப்பளவு காட்டினாள். "நான் உங்ககிட்டயா பேசுனேன்?"

"வேற யாருமே அங்க இல்லீங்களே அக்கா," என்றேன்.

"உங்க முதுகுக்குப் பின்னாடிதான நின்னாக," என்றாள் வேலுத்தாய். "குனிஞ்சு, இந்தப் புள்ள அப்படி என்னத்தப் புடிக்குதுன்னு உங்க தோளு வழியாப் பாத்துக்கிட்டே இருந்தாக."