எட்டு மணி நேரப் பிழை

வந்திருந்தவர்கள்:
விமலாதேவி, திட்டத் தலைவர். என் மாமி, அப்பாவின் தங்கை.
தனேஸ்வரன், அன்டெனா பார்ப்பவர்.
குமுதா, கட்டளை அனுப்புபவள்.
நான், கூட்டக் குறிப்பு எழுத.

1

மேலே இருப்பது போன மாதம் நடந்த விசாரணைக் கூட்டக் குறிப்பின் முதல் பக்கம். இந்தக் கதை அதிலிருந்து வந்தது. குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பொய். அதைத் திருத்த எனக்கு வழியில்லாததால் கதை எழுதுகிறேன்.

(இதுவும் பொய். வழி இருந்தது.)

நான் இயற்பியல் படிப்பைப் பாதியில் விட்டவன். இரவு ஷிப்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. மாமி வாங்கிக் கொடுத்தது.

2

முதல் தொடக்கம்: "சுங்காய்க்கு அப்பால், ரப்பர் அழிந்து செம்பனை வந்த தோட்டத்தில், பழைய ரப்பர்ப்பால் ஸ்டோரின் கூரைமேல் ஓர் அன்டெனா வானத்தை நோக்கி..."

விட்டுவிட்டேன். சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: எக்ஸ் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. பார்க்க வேண்டுமானால் மேலே போக வேண்டும். பெரிய தொலைநோக்கிகள் மேலே இருக்கின்றன. அவற்றின் முன் உலகமே வரிசையில் நிற்கிறது, ஒரு விண்மீனுக்குச் சில மணி நேரம் கிடைத்தால் அதிகம். எங்களுடைய செயற்கைக்கோள் பிஸ்கட் டின் அளவு. அதனிடம் யாரும் வேறெதுவும் கேட்பதில்லை. ஒரே இணை விண்மீனை, ஒன்று மற்றொன்றைத் தின்றுகொண்டிருப்பதை, அது மாதக்கணக்கில் பார்க்கும். பதினொரு வாரம் பார்த்துவிட்டது. ஒரு சுற்று முடிய இன்னும் ஐந்து வாரம் பாக்கி.

இது நிற்கட்டும்.

அது பூமியைச் சுற்றும் பாதையில் ஓர் இடத்தில் மட்டும் மின்னேற்றத் துகள்கள் அடர்த்தி.* அங்கே நுழையும் முன் உணர்கருவியின் உயர் மின்னழுத்தத்தை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் உள்ளே பொறி பறந்து கருகிவிடும். எப்போது அணைப்பது என்ற பட்டியலைத் தினமும் காலையில் மேலே அனுப்புவோம். நேரமெல்லாம் உலக நேரம். நம் கடிகாரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால்.

* பிரேசிலுக்கு மேலே. நம் தோட்டங்களின் ரப்பர் விதையும் அங்கிருந்து வந்ததுதான். கதை எழுதுபவனுக்கு இது பெரிய பரிசு என்று தெரிகிறது. எனக்கு இதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

3

குமுதாவைப் பற்றி எழுதும்போது சந்தேகம் வருகிறது. அவளை ஏழையாக்கினால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். கெட்டிக்காரியாக்கினால் கோபப்படுவீர்கள். இரண்டும் உண்மை, இரண்டும் எனக்கு வசதி. ஈப்போவில், புந்தோங்கில் வாடகை வீடு. இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். முதுகலை இடம் ஏறக்குறைய உறுதி. மாமியின் பரிந்துரைக் கடிதம் மட்டும் போக வேண்டும். எனக்கு அவள்மேல் காதல் இல்லை. அப்படி எதிர்பார்த்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அன்று காலை ஏழு மணிக்கு முன் அவளிடமிருந்து போன்.

"அண்ணே, தாப்பால செம மழ. மோட்டார நிறுத்திட்டு கட ஓரமா நிக்கிறேன். ஏழு அஞ்சுக்கு சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல வந்திரும். லிஸ்ட் மேசையில இருக்கு. என் பாஸ்வேர்ட் தெரியும்ல? அப்படியே தட்டி விட்டுருங்க."

"சொந்த மாமாவ நம்புற மாதிரி என்கிட்ட ஒப்படைக்கிற."

"மாமாவ நம்ப மாட்டேன்லா. அவரு தூங்கிருவாரு."

பட்டதாரி அல்லாதவன் கட்டளை அனுப்பக் கூடாது என்பது விதி. அவள் பெயரில் உள்ளே போனேன். தாளில் 03:10 என்று இருந்தது. உலக நேரத்தை நம் நேரமாக்க வேண்டும் என்று நினைத்து, எட்டைக் கூட்டி, 11:10 என்று பதி

இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். கூட்டக் குறிப்பு ஆங்கிலத்தில் எழுதியது. அங்கே ஆளில்லாமல் வாக்கியம் முடிந்துவிட்டது. தமிழில் வினையின் வாலில் ஆள் நிற்கிறான். "பதியப்பட்டது" என்று எழுதிப் பார்த்தேன், அரசாங்க அறிவிப்பு மாதிரி பல்லிளித்தது. "பதிந்தாள்" என்று எழுதினேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. படிக்கவும் நன்றாக இருந்தது.

பதிந்தேன்.

மனக்கணக்கு சரியாக வந்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. செயற்கைக்கோளுக்கு ஈப்போ நேரம் தெரியாது. அதற்கு 11:10 என்றால் நம் இரவு ஏழு பத்து.

4

அவள் எட்டு இருபதுக்கு நனைந்து வந்தாள். வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். திரையைப் பார்த்தாள்.

"அண்ணே. எட்டு கூட்டினீங்களா?"

நம் கடிகாரப்படி பிரேசிலைத் தொடும் நேரம் பதினொன்று பத்து. எங்கள் அன்டெனாவுக்கு அடுத்த தொடர்பு பன்னிரண்டுக்கு. இடையில் அதனிடம் பேச எங்களுக்கு வேறு வழி இல்லை.

கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் தலைமுடியைத் துண்டால் துவட்டினாள். ஒருமுறை மட்டும், "ஒண்ணும் ஆகாமலும் போலாம்ண்ணே" என்றாள். பதினொன்று பத்துக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. எப்படி வரும்?

பன்னிரண்டுக்கு செயற்கைக்கோள் நலமாக வந்தது. மின்கலம் நலம், வெப்பம் நலம். எக்ஸ் கதிர் எண்ணிக்கை: பூஜ்யம்.

5

கூட்டம்.

"எட்டு மணி நேரமா!" என்றார் தனேஸ்வரன். "அர மணி லேட்டா போனாலே எம் பொண்டாட்டி சோறு போட மாட்டா லா."

மாமி வாசல் பதிவேட்டைப் புரட்டினார். 8.20 என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். பதிவேட்டை மூடினார்.

"ஏழு அஞ்சுக்கு உம்முட லாகின். ஓமா, இல்லையா?"

குமுதா என்னைப் பார்த்தாள். அவள் எனக்குக் கொடுத்த நேரத்தை நான் அளந்திருக்கிறேன்: கூரை விசிறி நாலு சுற்று.

"மாமி, அது..." என்றேன்.

"நீ குறிப்பு எழுது. கதை எழுதாத."

"என் லாகின்தான், டாக்டர்" என்றாள் குமுதா.

"நீராகவே விலகினால் கடிதம் தருவன். நான் நீக்கினால் தர ஏலாது."

இரண்டாம் பக்கத்தில் எழுதினேன்: பிழையை ஒப்புக்கொண்டு குமுதா தானாகவே விலகுகிறார்.

6

முடிவுகள்.

அ) நான் பேசுகிறேன். என்னை வெளியே அனுப்புகிறார்கள். பாஸ்வேர்டு கொடுத்ததற்காக அவளையும். யாருக்கும் லாபமில்லை. (அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. நான் பேசியிருந்தால் அந்தப் பிழை அவள் பெயருக்கு நேரே நிற்காது என்பதை அப்போது சேர்க்கவில்லை.)

ஆ) ஐந்தாம் நாள் உணர்கருவி கண் விழிக்கிறது. எழுதி அடித்துவிட்டேன். கருகியது கருகியதுதான்.

இவற்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது என் கையில் இல்லை, நடந்து முடிந்துவிட்டது.

குமுதா சாவியையும் அட்டையையும் மேசைமேல் வைத்தாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை கூடவே போனேன். கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"அடுத்த வாரம்னு சொன்னாங்க."

"வரும்."

"நீங்க சொன்னா சரிண்ணே."

அதில் கேலி இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. படியில் இறங்கிவிட்டுத் திரும்பினாள். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"கதவ சாத்துங்கண்ணே. ஏர்கோன் காத்து வெளிய போவுது."

சாத்தினேன். உள்ளிருந்து மாமி, "பூட்டு" என்றார். பூட்டினேன்.