காதில் ஈர்க்குச்சி

நீலத் துணியைத் தலையில் கட்டி, ஒரு காதில் முத்துக் கம்மல் மின்னத் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் உலகப் புகழ்பெற்ற ஓவியம் காலண்டரில் வந்தாலும் வந்தது, வேணியின் புருஷன் சண்முகசுந்தரம் துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்துவிட்டார். ஓவியத்தில் தெரியாத இன்னொரு கம்மலைத் திருடியது யார் என்பதுதான் கதை. குன்னூர் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கோத்தகிரி பஸ் நெரிசலில் வேணியின் கம்மல் ஒன்று தொலைந்து ஒரு வாரமாகிறது. காது தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு அவர் கண்ணெதிரேதான் நடமாடுகிறாள்.

"ஒரே ஊட்டுல இருக்கறவங்களுக்கே கம்மல் போனது தெரியலைன்னு எழுதினா, படிக்கறவங்க நம்புவாங்களா வேணி?"

"நல்லா நம்புவாங்க!" என்று வெடித்தாள். "ஏனுங்க, என் காதைக் கொஞ்சம் பாருங்க!"

நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, ஈர்க்குச்சி! அந்தப் பொண்ணு காதுலயும் இதையே செருகிடலாம்," என்று குனிந்து எழுத ஆரம்பித்தார்.