ஓர் அட்டை மாத்திரை

செல்வினின் முதல் அடி என் வாயில் விழுந்தது. கீழுதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. அடுத்ததைக் கையால் தடுக்கப் பார்த்து, சுவரோடு சாய்ந்தேன். நான் வளர்ந்த வலியசாலை அக்ரஹாரத்தில் குரல் உயர்ந்தாலே ஜன்னல்கள் திறக்கும். அடி வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

அவன் மனைவி ஷிஜா, போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கி, புண் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறி, எங்கள் ஆஸ்பத்திரி மேல்மாடி ஐசியுவில் கிடந்தாள். எந்த மருந்துக்கும் கிருமி அடங்கவில்லை. ரிப்போர்ட்டுக்காக லேப் வாசலுக்கு வந்தவனிடம், முதலில் என்ன கொடுத்தீர்கள் என்று விசாரித்தேன்.

"வித்துரா மருந்துக் கடையில வாங்குன மாத்திர மேடம். லயத்துல எல்லா வீட்டுலயும் காய்ச்சலு. ஒரு அட்டைய பங்கு வச்சோம். எங்க லைன்ல அப்படித்தான்."

யார் கடைக்கு இறங்கினாலும், வாங்கி வருவது வரிசை வீடுகள் எல்லாவற்றுக்குமாம். அரிசி என்றால் சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஆராய்ச்சியே இந்த அநியாயத்தைப் பற்றித்தான். மருந்து முழுதாக அடித்தால் கிருமி சாகும். அரைகுறையாக அடித்தால், முடங்கிக் கிடந்த ஜீன்கள் முழித்துக்கொள்ளும். அவற்றை அமுக்கிவைத்திருந்த புரதம் அறுந்து விழும். சிதைந்த டிஎன்ஏவைக் கிருமி அவசர அவசரமாக ஒட்டும். ஒட்டுவதில் தப்பு வரும். அந்தத் தப்புகளில் ஏதோ ஒன்று அதைப் பிழைக்க வைக்கும். பிறகு அதே மருந்து அதற்கு வெறும் தண்ணீர்.

"கேட்டேளா, பங்கு வெச்சுக் குடுத்து கிருமியைத் தேத்தி விட்டிருக்கேள். அதுதான் இப்போ உங்க ஒய்ஃபைக் கொன்னுண்டிருக்கு" என்றேன். அதற்குத்தான் அடி. சொன்னதில் பொய்யில்லை; திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டேன்.

"நானா கொல்லுதேன்? நானா?" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தான். ஸ்டூலைத் தூக்கி இன்குபேட்டர் கண்ணாடியில் வீசினான். கிருமி வளர்த்த தட்டுகளை வாரித் தரையில் அடித்தான். மேசையிலிருந்த ரத்தப் புட்டிகளைத் தள்ளி மிதித்தான். டெக்னீஷியன் ரெஷ்மா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். செக்யூரிட்டிகள் வந்து அவனைக் குப்புறத் தள்ளி விலாவில் மிதித்தார்கள். எனக்கு நிறைவாக இருந்தது, மறைப்பானேன். இன்னும் விழட்டும் என்றே நின்றேன்.

பிறகுதான் தரையைப் பார்த்தேன். ஷிஜாவின் பெயர் எழுதிய தட்டு பிளந்து கிடந்தது. எந்த மருந்துக்கு அவள் கிருமி இன்னும் சாகும் என்று சாயங்காலம் அது சொல்லியிருக்கும். அவள் புட்டியும் போயிருந்தது.

"அது உங்க ஷிஜாவோடது" என்றேன். ரத்தம் வழிந்ததில் வார்த்தை குழறியது.

திமிறிக்கொண்டிருந்தவன் அடங்கினான். பிறகு தரையில் நெற்றியை மோதத் தொடங்கினான்.

"அயாளெ விடு" என்று மலையாளத்தில் செக்யூரிட்டியிடம் அவனை விடச் சொன்னேன்.

"போலீஸ் வரட்டெ, ஜானவி டாக்டரே."

"வரட்டெ. இப்போ விடு."

மறுபடி ரத்தம் எடுத்து, முதலிலிருந்து வளர்க்க வேண்டும். அதுவரை அவள் தாங்குவாளா என்று எனக்குத் தெரியாது. அவளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, அவன் கைகளைத் தேய்த்துக் கழுவ வைத்து, கையுறை மாட்டி, ஐசியுவுக்கு இழுத்துப் போனேன். ஷிஜா ஜன்னி கண்டு கைகால்களை உதறிக்கொண்டிருந்தாள். நர்ஸால் பிடிக்க முடியவில்லை.

"அமுக்கிப் பிடிங்கோ. அசையப்படாது."

என்னைக் குத்திய கைகளால் அவள் கையைக் கட்டிலோடு அழுத்தினான். ஊசியை இறக்கினேன்; நரம்பு நழுவியது. மறுபடி குத்தினேன். ஷிஜா அவன் தோளில் பல்லைப் பதித்தாள். கறுத்த ரத்தம் மெல்லப் புட்டிக்குள் ஏறத் தொடங்கியது.

"போதுமா மேடம்?"

"பிடிங்கோ."

அவன் சட்டைத் தோள் சிவந்துகொண்டு வந்தது. அவன் அசையவில்லை.