கடைசி மூச்சுக்குச் சாட்சி

பல் மருத்துவரம்மா யாரிடமும் "வலிக்காது" என்று சொன்னதே இல்லை. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே, "கொஞ்சம் வலிக்கும். சீக்கிரம் குறைஞ்சிடும். தாங்க முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்பார். கையைத் தூக்கினால் உண்மையிலேயே நிறுத்தியும் விடுவார். அதனால்தானோ என்னவோ, அவருடைய நாற்காலியில் கையைத் தூக்குகிறவர்கள் மிகக் குறைவு. நம்பத் தகுந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதே பாதி மருந்து.

அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. சைக்கிள் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் வருகிற நீண்ட அறையில் மனிதநேய மன்றம் இயங்கியது. அதற்கு அவர்தான் தலைவி. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் நல்லபடியாக வாழலாம், நல்லபடியாக விடைபெறலாம் என்பதே மன்றத்தாரின் கொள்கை. அவர்கள் அதை மேடையில் முழங்கியதைவிட, ரத்த தானத்திலும், கண் தானத்திலும், துணையில்லாத நோயாளிகளின் படுக்கைக்கருகில் முறை வைத்து உட்காருவதிலும் காட்டியதே அதிகம். நம்பிக்கை இல்லாத ஒருவர் இறந்துவிட்டால், குடும்பத்தார் மருத்துவரம்மாவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். விடைகொடுக்கும் கூட்டத்தை அவரே முன்னின்று நடத்துவார்.

அதற்கு அவர் வைத்திருந்த முறை ஊரில் வேறு எங்கும் கிடையாது. முதல் நாளே வீட்டுக்குப் போவார். உறவினர், நண்பர், அண்டை வீட்டார் என எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீங்க உங்க கண்ணால பார்த்தது என்ன?" தங்கமான மனிதர், பத்தரை மாற்றுத் தங்கம் என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தத் தங்கம் என்ன செய்தது என்று விசாரிப்பார். மறுநாள் கூட்டத்தில் பார்த்தவர் பார்த்ததைத் தாமே எழுந்து சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதற்கு அங்கே இடமில்லை. மன்றத்தின் செயலாளரான பூட்டுக்காரர், "நான் பூட்டைத் திறக்கிறவன், அவங்க வாயைத் திறக்க வைக்கிறவங்க. ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தா இந்த ஊர்ல ஒரு ரகசியம் மிஞ்சாது" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த முறைக்கே ஒரு சோதனை, நீச்சல்காரர் இறந்தபோது வந்தது.

நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு நீந்தக் கற்றுக் கொடுத்தவர். "நாள் முழுக்கத் தண்ணியிலேயே இருந்தும் தள்ளாடாத ஒரே ஆள் நான்தான்" என்பது அவருடைய பழைய நகைச்சுவை. கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களும் சிரிப்பார்கள். மன்றத்தின் முதல் உறுப்பினர்களில் ஒருவர். நுரையீரல் நோயில் படுத்தவர், மருத்துவமனையில் ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்.

அந்த நேரத்தில் அவருடன் இருந்தது அண்ணன் மட்டுமே. தூங்காமல் கண்விழித்துக் கிடந்த தம்பி மனைவியை, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்படி அவர்தான் அனுப்பி வைத்திருந்தார். அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவனின் இரண்டு கைகளும் மார்பின்மேல் கூப்பியபடி இருந்தன. தம்பி கடைசி நேரத்தில் கண்ணைத் திறந்து, கைகூப்பிக் கடவுளை அழைத்தான் என்றார் அண்ணன். சில வீடுகளுக்கு அவரே நேரில் போயும் சொன்னார். அன்று மாலைக்குள் அந்தச் செய்தி உறவு முழுவதும் பரவிவிட்டது. பரப்பியதில் பெரும்பங்கு அண்ணன் தம்பிகளின் பெரியம்மாவுடையது. அவர் காதில் விழுந்த செய்திக்குத் தந்தியே தேவையில்லை. கடைசியிலாவது திருந்தினானே, இனி மன்றத்துக் கூட்டம் எதற்கு, முறைப்படி பிரார்த்தனை நடத்திவிடலாம் என்று பெரியம்மா நீச்சல்காரரின் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மருத்துவரம்மா சென்றபோது, நீச்சல்காரரின் மனைவி சமையலறை மேசையருகே உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் சோதித்துப் பார்த்தே நம்புகிறவள். கொடியில் கணவனின் நீச்சல் துண்டு இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை என்று அவளே சொன்னாள்.

பிரார்த்தனைதான் வேண்டும் என்று அவள் முடிவு செய்தால் அதில் தமக்கு வருத்தம் ஏதுமில்லை என்றும், தாமும் வந்து பின்வரிசையில் உட்காருவதாகவும் மருத்துவரம்மா சொன்னார். அவள் மறுத்துத் தலையை அசைத்தாள்.

"அவர் கும்பிட்டிருந்தா கும்பிட்டுட்டுப் போகட்டும் டாக்டரம்மா. சாகும்போது யாருக்கு என்ன தோணும்னு யாரு கண்டா? அது இல்லை என் கவலை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. தொண்டையில சளி கட்டினாக்கூட என்கிட்டச் சொல்ற மனுஷன், இவ்வளவு பெரிய விஷயத்தை மனசுக்குள்ள வெச்சிருந்தாரா? அப்படின்னா இத்தனை வருஷம் நான் யாரோட வாழ்ந்தேன்?"

மருத்துவரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரில் கேட்கத் தனக்குத் தைரியம் இல்லை, அவர் அண்ணனிடம் நீங்கள் போய்க் கேளுங்கள், நான் சொன்னதையும் சொல்லலாம் என்றாள்.

அங்கிருந்து மன்றத்துக்குப் போனால், அங்கே வேறொரு தலைவலி காத்திருந்தது. மாடிப்படி ஏறும் இடத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில், பூட்டுக்காரர் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: "கடைசி மூச்சுவரை கொள்கையில் உறுதியாக நின்ற நம் தோழருக்கு வீரவணக்கம்." கூடவே, பொய் சொல்லித் திரியும் அண்ணனைக் கூட்டத்துக்குள் விடக் கூடாது, வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று நாலைந்து பேரைத் திரட்டியும் வைத்திருந்தார்.

மருத்துவரம்மா பலகையைப் படித்தார். கடைசி மூச்சின்போது நம்மில் யார் அங்கே இருந்தது என்று கேட்டார்.

"இருக்கணுமா என்ன? அவரைப் பத்தி நமக்குத் தெரியாதா?" என்றார் பூட்டுக்காரர்.

"தெரியும். அவரோட அண்ணனும் தனக்குத் தெரியும்னுதான் சொல்றார்."

"அதுக்காக அந்தப் பொய்யனுக்கு நாமளே மேடை போட்டுக் கொடுக்கணுமா? நம்மளை ஊர் சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். நம்ம முறை நமக்கு வேண்டியவங்களுக்கு மட்டும்தான்னா, அதுக்குப் பேரு முறை இல்லை."

பிறகு அவர் ஒரு கதை சொன்னார். ஒரு காட்டில் வறட்சிக் காலத்தில் யானை ஒன்று ஊற்றுப் பள்ளம் தோண்டிவிட்டு இறந்து போனதாம். இறக்கும்போது அது கிழக்கே பார்த்ததா, மேற்கே பார்த்ததா என்று குரங்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டன. தொண்டை வறண்டபோதெல்லாம் போய், அந்த யானை தோண்டிய பள்ளத்திலேயே தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி சண்டையைத் தொடர்ந்தனவாம். பூட்டுக்காரருக்கு நீந்தக் கற்றுக் கொடுத்தவரும் நீச்சல்காரர்தான். கதையைக் கேட்ட பூட்டுக்காரர் ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். கதையில் தாம் எந்தக் கட்சிக் குரங்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் மருத்துவரம்மா அண்ணனுடைய கடைக்குப் போனார். படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடை. மரத்தூளும் பசையும் கலந்த வாசனை. சுவர் முழுக்க வெறும் சட்டங்கள் தொங்கின. வாசலில் அவரைக் கண்டதும் அண்ணனுடைய முகம் இறுகியது. சண்டை போட வந்திருந்தால் வீண் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த கண்ணாடியை அளக்கத் தொடங்கினார்.

மருத்துவரம்மா எல்லாரிடமும் கேட்கும் கேள்வியையே அவரிடமும் கேட்டார். அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, தம்பி கைகூப்பியதைச் சொன்னார். ஊரில் சொன்ன அதே சொற்கள், அதே வரிசையில். மருத்துவரம்மா குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நாளைய கூட்டத்தில் அவரே வந்து அதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அண்ணன் நிமிர்ந்தார். "உங்க ஆளுங்க விடுவாங்களா?"

"அவங்களுக்குப் பிடிக்கலை. ஆனா யாரும் தடுக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"நான் சொல்றதை நீங்க நம்பறீங்களா?"

"அங்க நீங்க இருந்தீங்க, நான் இல்லை. அதுக்கு மேல நான் எதைச் சொன்னாலும் அது என் ஆசைதான், உண்மைன்னு சொல்ல முடியாது."

போவதற்கு முன், தம்பி மனைவி சொன்னதை அவள் சொன்னபடியே, கூட்டாமலும் குறைக்காமலும் அவரிடம் சொன்னார். இத்தனை வருஷம் யாரோடு வாழ்ந்தேன் என்ற கேள்வி வந்தபோது, கண்ணாடிமேல் ஓடிக்கொண்டிருந்த வெட்டும் கருவி கோட்டை விட்டு விலகியது. கண்ணாடி கோணலாக விரிசல் விட்டு உடைந்தது. அத்தனை ஆண்டுத் தொழிலில் அப்படி ஒரு கண்ணாடியை அவர் வீணாக்கியதை யாரும் பார்த்ததில்லை. மருத்துவரம்மா அதைக் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

மறுநாள் மன்றத்தின் அறை நிரம்பி, மாடிப்படியிலும் ஆட்கள் நின்றார்கள். பெரியம்மா, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று உறவினர்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவரம்மா கூட்டத்தை ஒரு திருத்தத்தோடு தொடங்கினார். மன்றத்தின் பலகையில், இறந்தவர் கடைசி மூச்சுவரை கொள்கையில் நின்றார் என்று எழுதியிருந்ததாகவும், மன்றத்தார் எவரும் அதைப் பார்க்கவில்லை என்பதால் அழித்துவிட்டதாகவும், பார்க்காததை எழுதியது தங்கள் தவறு என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெரியம்மாகூட, இது என்ன அதிசயம் என்பதுபோலப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

பிறகு பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தையல்காரி ஒருத்தி, நாற்பது வயதில் தண்ணீரைக் கண்டு நடுங்கிய தன்னை அவர் பல வாரங்கள் குளத்தின் ஓரத்தில் காலை மட்டும் நனைக்க வைத்து, ஒரு நாளும் அவசரப்படுத்தாமல் காத்திருந்ததைச் சொன்னாள். குளத்தின் வாயில்காப்பாளர், மழை நாளில் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும், ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று அவர் குடையோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். பூட்டுக்காரர் எழுந்து, தமக்கு மூழ்க மட்டுமே தெரியும், அவர் மூழ்க விடவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியாக அண்ணனுடைய முறை. அவர் எழுந்து முன்னால் வந்தார். தம்பி மனைவியைப் பார்த்தார், பிறகு தம் இரண்டு கைகளையும் பார்த்தார். மருத்துவரம்மா அவரை அவசரப்படுத்தவில்லை.

"என் தம்பி கைகூப்பலை," என்றார் அவர். "மூச்சு நின்ன பிறகு நான்தான் அவன் கையை எடுத்துச் சேர்த்து வெச்சேன். போற இடத்துல அவனை யாரும் திருப்பி அனுப்பிடக் கூடாதேன்னு பயந்து வெச்சேன். அவ உள்ள வந்து அதைப் பார்த்ததும், வாயில பொய் வந்துடுச்சு. வந்ததை வளர்த்துட்டேன்."

பூட்டுக்காரர் பக்கத்தில் யாரோ வெற்றிச் சிரிப்புச் சிரிக்கப் போனார்கள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கியது.

அண்ணன் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் மறைச்சது இன்னொண்ணு இருக்கும்மா. அவன் கடைசியா கண் முழிச்சப்போ உன்னைத் தேடினான். குளிக்கப் போயிருக்கான்னு சொன்னேன். 'அவ வந்ததும் என்னை எழுப்புண்ணா'ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினான். வேற எதுவும் பேசலை. அதைச் சொன்னா என் பொய் நிக்காதுன்னு உன்கிட்டச் சொல்லலை. உனக்குச் சேர வேண்டியதை நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். என்னை மன்னிச்சுடு."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சற்று நேரம் கழித்துக் கையை எடுத்தபோது, இறந்த நாளிலிருந்து அவள் முகத்தில் இருந்த அந்தத் திகைப்பு போயிருந்தது. துக்கம் இருந்தது, அது அவளுக்குத் தெரிந்த மனிதருக்கான துக்கம். பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அத்தான்" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் அண்ணன் மருத்துவரம்மாவிடம் வந்தார். தாம் மாறிவிட்டதாக அவர் நினைத்துவிடக் கூடாது என்று தொடங்கினார். "நான் இன்னமும் அவனுக்காக வேண்டிக்கத்தான் போறேன். அது என் பாடு. ஆனா அவன் வேண்டிக்கிட்டான்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை."

வேண்டிக்கொள்ளுங்கள், அந்த அன்பில் பொய் ஏதுமில்லையே என்றார் மருத்துவரம்மா.

படியருகே பெரியம்மா அண்ணனை மடக்கினார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதானே, இதை ஊரெல்லாம் போட்டு உடைப்பானேன், இத்தோடு விட்டுவிடு என்றார். கூட்டத்துக்கு வராதவர்கள் பழைய கதையையே நம்பிக்கொண்டு இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது அவருடைய யோசனை.

"அவங்க வீட்டுக்கெல்லாம் போய் நான்தானே பெரியம்மா பொய்யைச் சொன்னேன்? இப்பவும் நான்தான் போகணும்," என்றார் அவர்.

அன்றே புறப்பட்டார். முதலில் மூலைவீட்டுச் சித்தப்பா. அவருக்குக் காது மந்தம். முன்பு அந்தச் செய்தியை அண்ணன் அவர் காதோடு கத்திச் சொல்லியிருந்தார். இப்போதும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, "சித்தப்பா, தம்பியைப் பத்தி நான் சொன்னது பொய்" என்று உரத்த குரலில் தொடங்கினார்.